சின்ன ர, பெரிய ற

என் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியில் சின்ன ரவும் உண்டு, பெரிய றவும் உண்டு. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். அதனால் யார் "ர" என்று படித்தாலும், "சின்னதா, பெருசா?" என்று கேட்பேன். நாள் முழுக்க எனக்கு இதே பாட்டுத்தான்.

அன்றைக்கு வந்த ஆள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு மை. பார்வையில் ஒரு குறையும் இல்லை.

"ர," என்றார்.

"சின்னதா, பெருசா?"

"அதைக் கேக்கத்தான் நானே வந்தேன், அண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கொழுந்தன் யாரும் கிடையாது. ஒரு ராக் குழுவின் பாடகருக்கு நான் மனைவியாக இருந்தேன். அவரை 'அண்ணன்' என்று கொண்டாடும் கூட்டம்தான் என்னை அண்ணி ஆக்கியது. விவாகரத்து ஆன சேதியை அந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கண்ணு நல்லா இருக்கு. கெளம்புங்க," என்றேன்.

அவர் நகரவில்லை. டி-சர்ட்டில் அச்சுப் போடுகிறவராம். கலைந்துபோன குழு மறுபடியும் சேர்ந்து மேடையேறப் போகிறதாம். ரசிகர் மன்றத்துச் சட்டைகள் இவர் பொறுப்பு. நெஞ்சில் அந்தக் குழுவின் பிரபலமான பாட்டிலிருந்து ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில். அந்தச் சொல்லில் ஒரே ஒரு எழுத்துத்தான் தகராறு.

பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். கிடார் காதைக் கிழிக்க, என் மாஜி அடித்தொண்டையில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவார். அப்புறம் குரலை இறக்கி, "விளக்கு மட்டும் எரியுது," என்பார். சின்ன ர போட்டால் அந்தச் சொல் 'அக்கரையில'. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ அவருக்காக விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய ற போட்டால் 'அக்கறையில்ல'. விளக்கு எரிகிறது, வீட்டிலிருப்பவளுக்கு அவர்மேல் அக்கறை இல்லை. ல ஒன்றா இரண்டா என்பதெல்லாம் டிரம்ஸ் சத்தத்தில் அடிபட்டுப் போய்விடும்.

ரசிகர்கள் இதில் இரண்டு கட்சி. பெரிய ற கட்சிக்குத்தான் ஆள் அதிகம். காரணம் நான். "வீட்டுக்குப் போனா லைட் எரியும், ஆனா வீடு தூங்கிட்டிருக்கும்," என்று அவர் ஒரு பேட்டியில் சொல்லித் தொலைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு என் தூக்கத்தையே ஆராய்ச்சி செய்தார்கள். நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்க்கிறவள் ராத்திரி தன் கண்ணை மூடக் கூடாதா? ஒரு அம்மாள் ஃபிரேமெல்லாம் பார்த்துப் பிடித்துப்போன பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது?" என்றவள் ஃபிரேமை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், நானும் பெரிய ற கட்சிதான். முதன்முதலாக அந்தப் பாட்டை ஓடும் பஸ்ஸில் கேட்டேன். ற-வை அவர் கடித்துத் துப்பியது எனக்கு நன்றாகவே கேட்டது. ஊரே கேட்க என்னைச் சொல்லிவிட்டாரே என்று பஸ்ஸிலேயே அழுதேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்கப்புறம் தொட்டதற்கெல்லாம் சண்டை, கடைசியில் பிரிந்தோம்.

"நீங்க எந்தக் கட்சி?" என்று அச்சுக்காரரைக் கேட்டேன்.

"சின்ன ர," என்றார். "நானும் என் சம்சாரமும் முறைச்சுக்கிட்டு, நான் தனியா ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு நாள் இந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே எங்க தெரு வழியா போனேன். எங்க வீட்டு ஜன்னல்ல லைட் எரிஞ்சுது. நேரா உள்ள போயிட்டேன். அது பெரிய ற-ன்னா, நான் தப்பாக் கேட்டுட்டு வீடு திரும்பினவனா ஆயிடுவேன்."

"அப்படி ஆனா என்ன? திரும்பிட்டீங்கல்ல?"

"திரும்பிட்டேன். இருந்தாலும் தெரியணுமில்ல, அண்ணி."

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வீட்டை எட்டிப் பார்க்கிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் தன் வீட்டைத்தான் அந்தப் பாட்டில் பார்த்திருக்கிறார்.

"அவரையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோம். சிரிச்சே மழுப்பிடறாரு."

அச்சுக்காரரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தேன். மாஜியின் நம்பரை நான் அழிக்கவே இல்லை. அந்தப் பக்கம் 'ஹலோ' கேட்டது. நலம் விசாரிக்கப் போனால் அழுதுவிடுவேன் என்று நேராகவே கேட்டேன்.

"அக்கரையில. அது சின்னதா, பெருசா?"

அவர் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை.

"எழுதினப்போ சின்னது," என்றார். "ரெக்கார்டிங் அன்னிக்குக் காலையில நாம சண்டை போட்டோம். மைக் முன்னால நின்னதும் பெருசா வந்துடுச்சு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சுது."

அப்புறம் அவர் கேட்டார்.

"நானும் ஒண்ணு கேக்கவா? அந்த லைட்டு... எனக்காகப் போட்டு வெச்சியா, இல்ல அணைக்க மறந்து தூங்கிட்டியா?"

இத்தனை வருஷமாக மேடை மேடையாக அவர் கத்திக்கொண்டிருந்தது இந்தக் கேள்வியைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"சில நாள் உங்களுக்காக. சில நாள் மறந்துபோய்."

"அப்ப பாட்டு சரியாத்தான் இருக்கு," என்றார்.

"டி-சர்ட் போடறவர் வந்து நிக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டம். உன் பாட்டுதானே அது."

ஃபோனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அச்சுக்காரர் மை படிந்த நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சின்ன ர," என்றேன். "எழுதினது அதுதான்."

"எனக்குத் தெரியும் அண்ணி, எனக்கு அப்பவே தெரியும்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த முறை அந்த 'அண்ணி' உறுத்தவில்லை.

படியிறங்கியவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரேன். சின்னதா, பெருசா?"

"பெருசாவே குடுங்க," என்றேன். "தூங்கும்போது போட்டுக்கறேன்."