ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்

லூர்துசாமி தன் மகள் பெர்லினோடு பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணியடித்த மனுஷர். அரை நிமிஷம் பிந்தி வந்த பிள்ளையைக்கூட கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தவர். பண்ணைக்காட்டு ஜீப் டிரைவர் கோகுலை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்ட மகளை மட்டும் உள்ளே விட்டுவிடுவாரா?

கதவைத் திறந்தது அவர் மனசு இல்லை, சீசன். அவருடைய இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னது மே மாதம். மகன் அமலுக்கு ரிசார்ட்டில் லீவு கிடையாது. மனைவி சூசையம்மாள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் டாக்டர் சொன்ன வேலை அவளால் ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், கஞ்சி காபி எல்லாம் சேர்த்து. கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நாற்பது வருஷமாகப் புருஷனிடம் எதையும் மாட்டேன் என்று சொல்லி அறியாதவள், தண்ணீரையா மறுக்கப் போகிறாள்? "அவள வரச் சொல்லும்மா, சீசன் முடியிறவரைக்கும்," என்றான் அமல். பெரிய தாராளம்தான்.

பெர்லின் தினமும் முதல் பஸ்ஸில் வெள்ளனே வந்து இறங்கினாள். பாட்டிலில் கோடு கிழித்து, மணிக்கணக்குப் பார்த்து ஊற்றிக் கொடுத்தாள். காலையில் எடை பார்த்தாள், வீங்கிய காலைத் துடைத்துவிட்டாள். அவர் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏ சூசை, மாத்திர எங்கன்னு வந்தவகிட்டக் கேளு."

எட்டு வருஷமாக அவள் ஏங்கியது ஒன்றுக்குத்தான். அப்பா வாயால் ஒரு தடவை தன் பேர். அவர் போய்ச் சேருவதற்குள் அது கிடைக்குமா என்பதுதான் பஸ்ஸில் தினமும் அவளுக்கு நினைப்பு.

கிடைத்தது. சூசையம்மாள் பூசைக்குப் போயிருந்த ஒரு காலை. நீர் பிரிகிற மாத்திரையால் அவர் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஆளில்லை. சுவரைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"பெர்லினு... கொஞ்சம் தண்ணி."

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அரை டம்ளர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் பூசை நேரத்தில் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். பேரைச் சொன்னால் பாட்டில் திறக்கும் என்று கண்டுகொண்டார். அவர் கண்டுகொண்டது பெர்லினுக்கும் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினாள். எடை ஏறியது. எடை மிஷினில் பேட்டரி போய்விட்டதென்று அம்மாவிடம் பொய் சொன்னாள். வீக்கம் தெரியாமலிருக்க, குளிருக்கு என்று சொல்லிக் கம்பளி சாக்ஸை முழங்கால்வரை ஏற்றிவிட்டாள்.

ஐந்தாம் நாள் அவளுக்கும் ஒரு கொடூரம் வந்துவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்கப்பா."

அவர் அவளை முறைத்தார். தாகம் ஜெயித்தது. "பெர்லினு," என்றார்.

"சரியாக் கேக்கல."

"பெர்லினு... பெர்லினு... குடு தாயி."

முழு டம்ளர் கொடுத்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் மலையிறங்கும்போது தன்னைத் தானே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. ஆனால் காதுக்குள் அந்தத் தாயி கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி இழுத்து இழுத்து மூச்சுவிட்டார், வாயோரம் நுரை. "ஏங்க, ஏங்க," என்று சூசையம்மாள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அமல் ரிசார்ட் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாக்ஸை உருவிக் காலில் விரலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"இது ஒருநாள் தண்ணி இல்ல. ஒரு லிட்டர்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? யார் குடுத்தது?"

சூசையம்மாள் ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு, தனக்குத் தெரியாது என்று தலையாட்டினாள். அமல் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பெர்லின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் முகத்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை மெல்ல விலக்கினார். அடுப்படியைத் தேடவில்லை, சூசையைக் கூப்பிடவில்லை. விரலை நீட்டி, மகள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பெர்லின்," என்றார். நாக்குக் குழறவில்லை.

அவள் அவ்வளவு பேர் முன்னாலும், பழக்கத்தில், "என்னப்பா?" என்று ஓரடி முன்னால் போனாள்.