கொந்தராத்துச் சாவு

விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மழை பெய்தால் நனைந்துகொண்டே நிற்க வேண்டும். கொழுந்துப் பையைத் தலையில் மாட்டி, படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினால், நேற்றைய ஈரம் தொடையில் சில்லென்று ஒட்டும். அதைக் காயப்போட லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் இடம் ஏது? அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை ஏறுமே தவிர ஈரம் போகாது. குளிரில் விரல் மடங்காது. மடங்காத விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கணக்கப்பிள்ளை வருகிற பாதையைப் பார்த்து நிற்போம்.

பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சில வருஷங்களாகப் பெரட்டுக்கு இரண்டு வரிசை. ஒன்று பதிவு ஆட்களுடையது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருப்பவர்கள், சேமலாப நிதி உள்ளவர்கள். மற்றது ஒப்பந்தக் கூலிக்கு வருகிற கொந்தராத்து ஆட்களுடையது. அவர்கள் தயாபரனின் ஆட்கள். கம்பனி இப்போது புதிதாக யாரையும் பதிவதில்லை. பதிவில் இருக்கிறவர்களையும் ஒவ்வொருவராகக் கழற்றிவிடுகிறது. கழன்று விழுகிறவர்களைத் தயாபரன் பொறுக்கியெடுத்து, அதே கம்பனிக்கு, அதே மலைக்கு, அதே செடிக்கு அனுப்புகிறான். அக்கா ஒரு வரிசையில் நிற்பாள், தங்கச்சி மற்றதில் நிற்பாள். கொழும்பில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இதற்கு யாரோ ஓர் அழகான பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு வாய்க்கு வந்த பெயரெல்லாம் கெட்ட வார்த்தைதான்.

தயாபரன் வெளியூர்க்காரன் என்றால் வைதுவிட்டுப் போகலாம். அவன் எங்கள் மேட்டு லயத்துப் பிள்ளை. அவன் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான். ஹாலிஎல டவுனில் ஒரு கடை அறை, ஒரு லொறி, இரண்டு போன், அவ்வளவுதான் அவன் தொழில். யாருக்கு மூட்டுவலி, யாருக்கு ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ எட்டுவதில்லை, யார் வீட்டில் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் கம்பனிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

எங்களோடு கொழுந்து பறித்த ரெங்கம்மா அக்காவை அவன் அப்படித்தான் பிடித்தான். அக்காவுக்குக் கிலோ எட்டாமல் அரைநாள் சம்பளமே விழுந்துகொண்டிருந்தது. "பதிவை விட்டுட்டு வந்துருங்க அத்தே. பறிச்ச கொழுந்துக்கு அன்னிக்கே காசு" என்றான். அக்கா கையெழுத்து வைத்தாள். நாங்கள் தடுத்தபோது சிரித்தாள்.

"இதே லயத்துல பொறந்தேன், இதே மலையில பறிக்கிறேன். பதிவு இல்லாட்டி தோட்டம் என்னைய யாருன்னு கேட்டுருமா?"

கேட்காது என்று நாங்களும் நம்பினோம். தோட்டத்தில் பிறந்தவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள். டவுனில் பிறந்தவனுக்கு முதலாளியையும் தாய்வீட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

குளவி கலைந்த அன்றைக்குப் பெரட்டுக்குத் தோட்டத்து மேனேஜர் துரையே வந்தார். குடை பிடித்துக்கொண்டு, தமிழில்தான் பேசினார்.

"கிலோ எடுக்க ஏலாதவங்க அடுத்த மாசத்தில இருந்து தயாபரன்கிட்ட போகணும். தோட்டம் நட்டத்தில போகுது."

பதிவு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷன் கொழும்புக்குப் போய் வருஷக் கணக்காகிறது, போனும் எடுப்பதில்லை. போன மாதம் முழுக்க அவளுக்கும் கிலோ எட்டவில்லை. அடுத்தது தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கும் தெரிந்துவிட்டது.

குளவி வந்தது வெயில் ஏறத் தொடங்கியபோது. சவுக்கு மரத்துக்குக் கீழே புதர் மண்டிக் கிடந்தது. முன்பெல்லாம் புல் வெட்ட ஆள் போடுவார்கள். இப்போது அதுவும் மிச்சம் பிடிக்கிற செலவு. ரெங்கம்மா அக்கா புதரை ஒட்டிய செடி நிரையில் நின்றாள். அவள் கை பட்டதோ கால் பட்டதோ, கூடு கலைந்து கறுப்பாகக் கிளம்பியது. "படுங்கடி, படுங்கடி!" என்று கத்திக்கொண்டே அக்கா தன் படங்கை அவிழ்த்துப் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தலையில் போர்த்தினாள். போர்த்திக்கொள்ள அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

நாங்கள் ஓடிப் போனபோது முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மூச்சு இழுத்தது. கொழுந்து லொறி மலையோரத்துத் தோட்ட ரோட்டில்தான் நின்றது. கணக்கப்பிள்ளை ஒபிசுக்குப் போன் எடுத்தார்.

"பதிவு ஆளான்னு கேக்குறாங்க."

"இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் விஜயலெட்சுமி.

"தெரியும் புள்ள. கொந்தராத்து ஆள லொறியில ஏத்த எனக்கு அதிகாரம் இல்ல. தயாபரன்கிட்டச் சொல்லச் சொல்றாங்க."

தயாபரனின் இரண்டு போனும் வேலை செய்யவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நேரம் போனது. கடைசியில் கம்பளியில் போட்டு நாங்களே குறுக்குப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கால் வழுக்கி இரண்டு முறை விழுந்தோம். கீழே பெரிய ரோட்டில் ஜஸீல் நானா வேனை நிறுத்தித் துணி விற்றுக்கொண்டிருந்தார். பதுளையில் கடை வைத்திருக்கிற மனிதர். லயம் லயமாகக் கடனுக்குத் துணி கொண்டுவந்து தருவார். பார்த்தவுடனேயே துணி மூட்டைகளை ரோட்டில் தள்ளினார்.

"ஏத்துங்க, ஏத்துங்க. தோட்டத்து லொறி எங்க?"

"கொந்தராத்து ஆளாம், நானா. ஏத்த மாட்டாங்களாம்."

"உசிரு போற நேரத்துல இதெல்லாமா பாக்கிற!" என்றவர் வேனை எடுத்தார்.

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் மூச்சு நின்றது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். விஜயலெட்சுமி கேட்க விரும்பாமல் வெளியே வந்துவிட்டாள்.

மரண விசாரணை முடிந்து மறுநாள் பின்னேரம்தான் உடல் லயத்துக்கு வந்தது. அக்காவின் புருஷன் அழகர் மாமா அழவில்லை. முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒபிசுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார். தோட்டத்தில் ஒருவர் செத்தால் தோட்டம் பெட்டி கொடுக்கும். குழி வெட்டப் போகிறவர்களுக்கு அன்றைய நாட்சம்பளம் போடும். பிணம் எடுக்கும்வரை மலையில் யாரும் கொழுந்தில் கை வைக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதில் யாரும் குறை வைத்ததில்லை. அழகர் மாமா தோட்டத்தில் எத்தனையோ பேருக்குக் குழி வெட்டியவர். தன் மனைவி இந்தத் தோட்டத்து ஆளாகப் போக வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். துணைக்கு நாங்கள் நாலைந்து பேர் போனோம்.

துரை உட்காரச் சொல்லவில்லை.

"வருத்தமான விஷயம்தான். ஆனா ரெங்கம்மா எங்க தொழிலாளி இல்ல."

"ஒங்க கொழுந்தத்தானுங்களே பறிச்சா?"

"தயாபரனுக்குப் பறிச்சா. தயாபரன் எங்களுக்குத் தந்தான்."

"செத்தது ஒங்க மலையிலங்க, ஐயா."

"மலையில பாம்பு செத்தாலும் நான் பெட்டி குடுக்கணுமா?"

சொன்ன பிறகு துரைக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து மூடி வைத்தார். அழகர் மாமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தயாபரன் இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்தான். கையில் ஒரு மாலை.

"மாமா, நான் ஆள் சேத்துக் குடுக்கிறவன். நான் எங்க போறது? கம்பனி எனக்குக் கிலோவுக்குத்தான் குடுக்குது. சாவுக்குக் குடுக்கல."

"அப்ப என் பொஞ்சாதி யாருக்குடா வேல செஞ்சா?" என்றார் அழகர் மாமா.

தயாபரன் மாலையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை, துரையிடமும் இல்லை. பதில் இல்லாமலிருப்பதற்காகத்தான் இப்படி ஓர் ஏற்பாடே செய்திருக்கிறார்கள்.

ராத்திரியே கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். விடிந்தால் பெரட்டு உண்டாம். கொந்தராத்துச் சாவுக்கு லீவு கிடையாதாம். வராதவர்கள் பதிவை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். யாருக்குத்தான் பயம் இல்லை? பதிவு போனால் காம்பரா போகும் என்ற பயத்தில்தானே இத்தனை வருஷம் நனைந்துகொண்டு நிற்கிறோம்.

காலையில் பெரட்டுக்குப் போகத்தான் செய்தோம். தலைகுனிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனோம். லயத்துப் பக்கமிருந்து சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. எங்களுக்கு முந்தியே தயாபரனின் லொறி வந்து நின்றது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏற்றிவந்த பெண்கள், எங்களைப் போலவே ஈரப் படங்கோடு இறங்கினார்கள். நாங்கள் மலைக்குப் போகாவிட்டால் எங்களுக்குப் பதிலாகப் போவதற்கு. அந்த லொறியைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதலில் இறங்கியவளுக்குக் கறுத்து மெலிந்த உடம்பு. கருப்பம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம். தப்புச் சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்தாள்.

"கேதம் கேக்குதே. யாருங்க செத்தது?"

விஜயலெட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"ரெங்கம்மான்னு ஒரு அக்கா. ஒங்கள மாதிரித் தயாபரன் ஆளுதான். முந்தாநாள் இந்த மலையில குளவி கொட்டி."

கருப்பம்மா தயாபரன் பக்கம் திரும்பினாள்.

"பொணம் கெடக்குதுன்னு நீ சொல்லவே இல்லையே தம்பி. பொணத்த எடுக்க முந்திக் கொழுந்துல கைய வைக்கச் சொல்றியா?"

"அதெல்லாம் பதிவு ஆளுங்க செத்தாத்தான், அக்கா. நேரம் போகுது, நிரையப் புடிங்க."

"அப்ப நாளைக்கு நான் செத்தா?"

தயாபரன் போனைப் பார்த்தான். துரை இன்னும் வரவில்லை. கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

கருப்பம்மா தலையிலிருந்த பையைக் கழற்றி லொறிக்குள் எறிந்தாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றைய கூலியை நம்பி வந்தவர்கள்தான் எல்லோரும். இரண்டு பேர் தயங்கி லொறியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் பையைக் கழற்றினார்கள்.

"கேத வீடு எந்தப் பக்கம்?" என்று கருப்பம்மா கேட்டாள்.

விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குக் கால் வந்தது. முன்பின் தெரியாத பெண்கள் சாவுக்கு வந்து நிற்கிறபோது, கூடப் பிறந்தவளைப் போலிருந்தவள் பிணமாகக் கிடக்க நாங்கள் பெரட்டில் நின்றுகொண்டிருந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆண்கள் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த மம்பட்டி, அலவாங்கெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பெட்டிக்குப் பதிலாக ஜஸீல் நானா கொடுத்துவிட்ட வெள்ளைத் துணி வந்தது. பெண்கள் மயானத்துப் பாதை முடக்கு வரைதான் போவது வழக்கம். அங்கே நின்றபோது விஜயலெட்சுமி கேட்டாள்.

"மாமா, பெரட்ட விட்டுட்டுக் குழி வெட்டுனா பதிவு போயிரும்னாங்க. நாலு பேரு மட்டும் வெட்டுனா நாலு பேரு பதிவுதானே போகும்? நாங்களும் வெட்டுறோமே."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அழகர் மாமா அவர்களைப் பார்த்தார்.

"வரட்டும். அவகூட நெரை புடிச்சவளுகதானே."

இடம் முழுக்கக் கல். ஆண்கள் அலவாங்கால் பெயர்த்தார்கள். நாங்கள் கல்லைக் கை மாற்றி வெளியே எடுத்துப் போட்டோம். பதிவுக்காரி கையிலிருந்து கொந்தராத்துக்காரி கைக்கும், அவள் கையிலிருந்து தெமோதரைக்காரி கைக்கும் போனது. குழிக்குள் மழைத் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. கொழுந்துப் பை தண்ணீரிறைக்க உதவாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். சிரட்டையால் இறைத்தோம்.

மண் தள்ளி முடிந்தபோது கணக்கப்பிள்ளை மேட்டில் வந்து நின்றார். கீழே இறங்கி வரவில்லை.

"தொரை சொல்லச் சொன்னாரு. இன்னிக்குப் பெரட்டுக்கு நிக்காத ஒருத்தருக்கும் நாளையில இருந்து பதிவு இல்லையாம். வேணும்னா எல்லாரும் தயாபரன்கிட்ட வரலாமாம்."

"சரிங்க. அந்தக் குளவிப் பொதர வெட்டி, ரெங்கம்மா அக்கா எங்க ஆளுதான்னு தொரை வாயால சொல்ற வரைக்கும் எந்தப் பக்கத்து ஆளும் மலை ஏறாதுன்னு போய்ச் சொல்லுங்க" என்றாள் விஜயலெட்சுமி.

கணக்கப்பிள்ளை போய்விட்டார். துரை சொல்லப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை நாளைக்குப் பட்டினி தாங்குவோம் என்றும் தெரியாது. தொழிற்சங்கத்துத் தலைவருக்கு அனுப்பிய சேதிக்குப் பதிலே வரவில்லை.

"நாளைக்கு வேற ஆளுங்கள ஏத்திக்கிட்டு வருவான்" என்றேன் நான்.

கருப்பம்மா படங்கில் கையைத் துடைத்தாள். "எங்கள மாதிரி லயங்கள்ல இருந்துதானே ஏத்தணும். வெள்ளனவே போய் அங்க நின்னுக்கிறோம். அங்கிட்டு நாங்க பேசுறோம், இங்கிட்டு நீங்க பேசுங்க."

லொறி எப்போதோ போய்விட்டது. அவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு இல்லை. எங்களிடமும் இல்லை. மழை விட்டபாடில்லை. தெமோதரை ரோட்டில் பாதி வழி வரைக்கும் நாங்களும் அவர்களோடு நடந்து போனோம்.