முன்னவரின் மட்டை

கோல்ஃப் மட்டையைக் கையில் எடுப்பவன் தன் ஆன்மாவையே எடுத்துப் பார்க்கிறான். கிளை மேலாளர் தபாலில் வரவழைத்த பயிற்சிப் புத்தகம் இப்படித்தான் தொடங்கியது. அவர் எடுத்துப் பார்த்த ஆன்மா, பந்தோடு பறந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தலையணை உறைக்குள் போய் விழுந்தது.

அவர் பழகியது சிப் அடி. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை ஓங்கி அடிக்காமல், லேசாகத் தூக்கிப் போட்டு உருள விடுவது. பாரம் முன்காலில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. குழிக்குப் பதில் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சாய்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரிகளோடு ஆட்டம். "ஏதோ ஆடுவேன் சார்" என்று அடக்கமாகச் சொல்லியிருந்தார். ஆடவே தெரியாததால் அடக்கம் நன்றாக எடுபட்டது.

மட்டை, மனைவியின் இறந்துபோன முதல் கணவருடையது. மேலாளர் மனதுக்குள் அவரை 'முன்னவர்' என்பார். ஆபீஸில் தன் நாற்காலியில் இருந்த முன்னவர் செய்த தவறுகளைத் தோண்டியெடுத்து மேலிடத்துக்கு எழுதிப் போடலாம். வீட்டில் இருந்த முன்னவருக்குத் தவறே கிடையாது, செத்துப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமெல்லாம் சாக்குத்தான். 'நீங்க அவரைவிடத் தேவலை' என்று மனைவி ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும்.

"அவர் எப்படி அடிப்பாரு?"

"மணிக்கணக்கா நிப்பாருங்க," என்றாள் அவள், வெங்காயம் நறுக்கியபடி. "இருட்டினாலும் உள்ள வரமாட்டாரு."

என்ன ஒரு அசுர சாதகம்! மேலாளர் வாளியை இன்னும் ஓர் அடி பக்கத்தில் இழுத்து வைத்தார்.

மட்டையின் பிடியில் கட்டைவிரல் அழுந்திய பள்ளம் ஒன்று இருந்தது. எப்படிப் பிடித்தாலும் மேலாளரின் விரல் நழுவி அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாலை அலமாரியிலிருந்து எடுக்கும்போதே பிடி வெதுவெதுவென்றிருந்தது, யாரோ இப்போதுதான் கை மாற்றிக் கொடுத்ததுபோல. பந்தின் முன் குனிந்தவர் சட்டென நிமிர்ந்தார். சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் பச்சை. அதற்குள் ஓர் ஆள் நின்றான், தோள் சரிந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து. தன் பிம்பமாக இருக்கும் என்று மேலாளர் கையை ஆட்டிப் பார்த்தார்.

அவன் ஆட்டவில்லை.

"நீ ஜன்னல்ல நின்னியா?"

"நான் பாத்ரூம்ல துணி அலசிக்கிட்டிருக்கேன்!" குரல் வீட்டின் அடுத்த கோடியிலிருந்து வந்தது.

அதன்பின் எந்தப் பந்தும் வாளிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மட்டையை ஓங்கும்போதெல்லாம் பிடரியில் ஒரு பார்வை ஊர்ந்தது.

சனிக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். கொல்லைக் கதவுக்கு உள்ளே அக்கா காய் நறுக்கிக்கொண்டிருக்க, படியருகே நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"மாமா, ஆட்டமா, இல்ல கொசு விரட்டுறீங்களா?"

"உங்க பழைய மாமா பிரமாதமா ஆடியிருப்பாரே, மாப்ள."

மச்சான் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இவர்கிட்ட சொல்லவே இல்லியா? அவரு நாலு வருசம் பழகினாரு மாமா. மேல எழும்பினது ஒரே பந்து. அது அங்க போச்சு." பச்சைக் கண்ணாடியைக் காட்டினான். "கண்ணாடி மாத்தப் போனா, கடைக்காரன்கிட்ட அந்த ஒரு கலர்தான் இருந்துச்சு."

மேலாளர் மனைவியைப் பார்த்தார். "அப்புறம் ஏன் இருட்டுற வரைக்கும் நின்னாரு?"

"உள்ள வந்தா, எப்படி அடிச்சீங்கன்னு நான் கேட்டுடுவேனே." அவள் கை கத்தியோடு நின்றது. "குனிஞ்சு நிப்பாரு. திடீர்னு ஜன்னலைத் திரும்பிப் பாப்பாரு. யாரோ ஒருத்தன் உள்ளேருந்து பாக்கிறான்னு சொல்லுவாரு. மீசை வெச்சவனாம். தொப்பை வேற."

மேலாளர் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினார். மீசையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கொல்லையில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பச்சைக் கண்ணாடிக்குள் அந்த ஆள் குனிந்து நின்றான், அடிக்கப் பயந்தவன் நிற்பதுபோல. பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை. மேலாளர் விரலைப் பள்ளத்தில் வைத்தார். யாருடைய கை அடித்ததென்று அவருக்கே தெரியவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை, பந்து அழகாக எழும்பியது.

பச்சைக்குப் பக்கத்துக் கண்ணாடியின் சில்லுகள் விழுந்து அடங்கியதும் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அவருக்கு இதுக்கு நாலு வருசம் ஆச்சு."

சமையலறை ஜன்னலில் இப்போது பச்சைக் கண்ணாடி இரண்டு.