பன்னிரண்டாம் நாள், ஒரு துண்டு கறி

நான் அறுநூறு பேருக்குச் சமைக்கிறவள். தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. நூற்று முப்பத்தாறு கிலோ இருந்தேன். முன்னால் 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'டேங்கர்' என்பார்கள். இரண்டும் காதில் விழும். சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, படுத்தால் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்ததும், இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் ஒரே வழி என்றார் டாக்டர்.

"வாயைக் கட்ட முடியாதவளுக்கு வயித்தை அறுத்து என்ன பிரயோஜனம்?" என்றார் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. வருஷம் முழுக்கச் சொன்னார், வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் கரண்டியை எறியலாமா என்றிருக்கும். இந்த ஆளை ஒரு நாளாவது 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகவே பத்தியம் இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரமும் நீர் ஆகாரம்தான். அப்போதுதான் ஈரல் சுருங்கி, கருவி உள்ளே போக இடம் கிடைக்குமாம். சுருங்கவில்லை என்றால் அப்படியே தைத்து அனுப்பிவிடுவோம் என்று பயமுறுத்தினார்கள். சமையல்காரிக்கு இது லேசுப்பட்ட காரியமா? எங்கள் தொழிலில் ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது. உள்ளங்கையில் ஊற்றி நக்குவோம், ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பதம் பார்ப்போம். எத்தனை முறை என்று எங்களுக்கே தெரியாது. அதனால் முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூக்கால் மட்டும் சமைத்தேன். உப்பை என் உதவியாள் பார்த்துச் சொன்னாள். ஈரல் நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று டாக்டரே பாராட்டினார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மருந்துக் குப்பியின் மூடி அளவில்தான் தண்ணீர், சூப் எல்லாம். ஒரு மாதத்துக்குக் கெட்டியாக எதுவும் கூடாது, தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதயம் படபடத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இடது தோளில் வலி கண்டாலோ உடனே வர வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் உதவியாள் போன் செய்தாள். "அக்கா, மதியத்துக்கு முதலாளியோட விருந்தாளிங்க வர்றாங்க. கறி வேகவே மாட்டேங்குது. வந்து ஒரு பார்வை மட்டும் பாத்துட்டுப் போங்கக்கா."

கேன்டீன் இரண்டு தெரு தள்ளித்தான். வீட்டுக்காரர் டிப்போவுக்குப் போயிருந்தார். பார்க்கத்தானே போகிறோம் என்று கிளம்பினேன். அண்டா மூடியைத் திறந்தேன், ஆவி அடித்தது, கிளறினேன். "இன்னும் அஞ்சு நிமிஷம் விடு, நரம்பு அப்படியே இருக்கு" என்றேன்.

உதவியாள் என்னையே வெறித்துப் பார்த்தாள். "அக்கா... முழுங்கிட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கட்டைவிரல் அளவுத் துண்டு. கை எடுத்தது, பல் கடித்தது, தொண்டை விழுங்கியது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கதோஷம்.

நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே முள் மாட்டியது போல் அது நின்றது. வீட்டுக்கு வந்து படுத்தேன். சரியாகிவிட வேண்டும் என்று கடவுளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். மூன்று மணிக்கு இடது தோளில் வலி பிடித்தது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் என் நெற்றி வியர்வையைப் பார்த்தார். உடனே ஆட்டோ பிடித்தார்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். விரலில் கிளிப் மாட்டினார். நாடி நூற்றுப் பத்து, காய்ச்சல் இல்லை.

"கெட்டியா எதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

வீட்டுக்காரர் என் தலைமாட்டில் நின்றார்.

"இல்லைங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"நிச்சயமா?"

"தண்ணி, சூப். வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் யோசித்தார். "அப்ப வாயுவாத்தான் இருக்கும். மாத்திரை எழுதறேன். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. அதிகமானா திரும்ப வாங்க." எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்காரர் என் செருப்பை எடுத்து வந்து காலருகில் வைத்தார். நிமிரவில்லை.

"வர்ற வழியெல்லாம் நீ எதையோ தின்னுட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். "பன்னெண்டு நாளா ஒரு பருக்கை தொடல. உன்னால முடியாதுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே... தப்பு என் மேலதான். மன்னிச்சுக்க."

ஒரு வருஷம் நான் ஏங்கிய வார்த்தை. அதை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். செருப்பில் ஒரு காலை நுழைக்கவும் செய்தேன். தோள் சுள்ளென்று இழுத்தது. கழுத்தில் நாடி குதித்தது எனக்கே கேட்டது. இந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனால் நாளைக்கு இருப்பேனா என்று பயந்துவிட்டேன்.

"டாக்டர்!" என்று கத்தினேன். மூன்று கட்டில் தள்ளி இருந்தவர் திரும்பினார். "பொய் சொல்லிட்டேன். காலைல கறி முழுங்கினேன். இவ்வளவு பெருசு."

வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். ஸ்கேன் எடுத்தார்கள். தையலில் ஒரு இடம் விட்டிருந்தது, உள்ளே கசிவு. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரே வந்து, உடனே திறந்து கழுவ வேண்டும் என்றார். நர்ஸ் சம்மதப் படிவத்தை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். எஞ்சின் பிரிக்கும் கையால் பேனாவை வாங்கினார்.

"அப்ப மன்னிப்புக் கேட்டீங்களே, அதைத் திரும்ப எடுத்துக்கோங்க" என்றேன். "நீங்க முன்னாடி சொன்னதுதான் சரி. என்னால வாயைக் கட்ட முடியல."

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"அறிவு கெட்டவளே. உண்மையைச் சொன்னா ஏசுவான்னு நெனச்சு சாகத் துணிஞ்சிருக்கே. உன்னை அப்படிப் பயப்பட வெச்சவன் நான்தானே?"

கட்டிலைத் தள்ள ஆரம்பித்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். இதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.