நீலவேணிக்கு நான் எழுதிய வரி

1

“எந்தப் பக்கம்?”

“ஒன்பதாவது காட்சி.”

“காட்சி தெரியும்லா. பக்கம் கேட்டேன்.”

“புக்க கையிலயா வெச்சிருக்கேன்? அப்புறம் பாத்து சொல்றேன்.”

“அப்புறம்னா எப்போ? வியாழக்கிழமை பேப்பர். இன்னிக்கி சாயங்காலம் அம்மா போன வாங்கி வெச்சிருவாங்க. பரீட்சை முடியிற வரைக்கும் குடுக்க மாட்டாங்க.”

“பக்கம் எதுக்குடி? பேப்பர்ல யாரும் பக்கம் கேக்கப் போறதில்ல.”

“எனக்கு வேணும். அதுக்கு முன்னாடி அவங்க என்ன சொல்றாங்க, பின்னாடி என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். என் கட்டுரையே அந்த ஒரு வரிமேலதான் நிக்குது, தாமரை.”

தாமரை நான்தான். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கிள்ளானிலிருந்து புனிதா. அவள் கேட்ட பக்க எண்ணை என்னால் தர முடியவில்லை. அந்த வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எழுதியது நான்.

இந்தக் கதை தொடங்கிய இடம் அதுதான். இதற்கு முன் மூன்று விதமாகத் தொடங்கி, மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

[அடித்தது: மழை பெய்துகொண்டிருந்தது. பெய்யவில்லை.]

[அடித்தது: ஒரு பொய் எப்படி வளர்கிறது என்றால், முதலில் அதற்கு ஒரு… இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.]

[அடித்தது: நான் கெட்டவள் இல்லை.]

மூன்றாவதை அடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

2

நாங்கள் பன்னிரண்டு பேர். ஐந்தாம் படிவம். வேறு வேறு பள்ளிகள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத்தைக் கூடுதல் பாடமாக எடுத்தவர்கள். சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் தம்புசாமி சார் வகுப்பு நடத்துவார்.

பாடத்தில் ஒரு துன்பியல் நாடகம். அதற்கு ‘மூடிய கோட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நூலகத்தில் தேட வேண்டாம். இந்தக் கதைக்காக நானே கட்டிய நாடகம். உண்மையான பாடநூலை என் குற்றத்துக்குள் இழுக்க மனம் வரவில்லை. (ஒரு போலி வரிக்காக ஒரு போலி நாடகம். திருந்தியவள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.)

நாடகத்தின் கதை இது. தளபதி செங்கோடன், விடியும்வரை கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்று ஆணை போடுகிறான். எதிரி வருகிறான் என்ற செய்தி. ஆனால் எதிரிக்கு முன்னால் காயத்தோடு வந்து கதவைத் தட்டுகிறவன் அவன் மகன். செங்கோடன் திறக்கவில்லை. மகன் வாசலிலேயே சாகிறான். விடிந்து பார்த்தால் எதிரி பாதி வழியிலேயே திரும்பிப் போயிருக்கிறான்.

பன்னிரண்டு காட்சிகள், பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு காட்சி, காட்சிக்குப் பத்து மேற்கோள், மேற்கோளுக்கு ஓர் அட்டை. நூற்று இருபது அட்டைகளையும் ஃபோட்டோஸ்டேட் எடுத்து, மூலையில் துளை போட்டு, சாவி வளையத்தில் கோத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் சார். பேருந்தில் அதைப் புரட்டினோம், சாப்பிடும்போது புரட்டினோம், குளிக்கும்போது சத்தமாகச் சொன்னோம். நாடகத்தை வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது? நல்ல வரியெல்லாம் வளையத்தில் இருந்தது.

எனக்கு ஒன்பதாவது காட்சி. கதவு தட்டப்படுகிற காட்சி. அந்த வாரம் நான் வேறொரு நாட்டில் இருந்தேன். பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல், அறுநூறு பக்கம். நிலக்கரி தீர்ந்துபோய் அவர்கள் நாற்காலிகளை உடைத்து எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் யார் செங்கோடனிடம் போவார்கள்? வகுப்புக்கு முன் அவசரமாக ஒன்பது வரிகளை அள்ளினேன், எல்லாம் தளபதியும் காவலர்களும் பேசுவது. சார் வேறு, “அம்மாவோட வசனம் ஒன்னாவது இருக்கணும்” என்று சொல்லியிருந்தார். காட்சியின் தலைப்பில் ‘செங்கோடன், நீலவேணி, காவலர்’ என்று இருந்தது. நீலவேணிதான் அம்மா. அங்கே நிற்கிறாள் என்றால் எதையாவது பேசத்தானே செய்வாள்?

பத்தாவது அட்டையில் எழுதினேன்:

நீலவேணி: கதவை நீங்கள் காத்தீர்கள். கதவு யாரைக் காத்தது?

சார் அதைப் படித்துவிட்டு இரண்டு டிக் போட்டார். மற்ற எதற்கும் இரண்டு டிக் இல்லை.*

* அந்த நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை, பெருமையாக இருந்தது. இதை மேலே உள்ள பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கீழே ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன்.

3

புனிதாவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தெரியவில்லை.

முதல் பிரதியில் அவளைப் பாவமாக எழுதினேன். ஒல்லியான கை, பெரிய கண், ரயிலில் தூங்கி விழுகிற பெண். படித்தால் என்னை அறைவாள். இரண்டாம் பிரதியில் கெட்டிக்காரியாக எழுதினேன். அதுவும் சரியில்லை, முன்னோட்டத் தேர்வில் இதே பாடத்தில் அவளுக்கு ‘சி’. உண்மையில் அவள் பிடிவாதக்காரி. அவ்வளவுதான். தமிழாசிரியராக வேண்டும் என்று சொல்கிறாள். வீட்டில் யாருக்கும் அதில் விருப்பமில்லை. “இலக்கியத்துல ‘ஏ’ வாங்கிக் காட்டு, ஆசிரியர் பயிற்சிக்குப் போடு. இல்லாட்டி அண்ணன் சொல்ற கணக்கியல் படி” என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் சரி என்றாள்.

ஆக, பன்னிரண்டு பேரில் அந்தப் பத்தாவது அட்டையை நம்பி உயிரைக் கொடுத்துப் படித்தவள் ஒருத்தி. அவளுடைய பாத்திரப் படைப்புக் கட்டுரை இப்படித் தொடங்கும்: “நீலவேணி, கணவனையே கேள்வி கேட்கும் துணிச்சல் மிக்கவள்.”

செவ்வாய்க்கிழமை காலையில், எப்படியாவது ஒரு பக்க எண்ணைக் கண்டுபிடித்துவிட முடியாதா என்று நாடகத்தை எடுத்தேன். அதே அர்த்தத்தில் வேறொரு வரி இருந்தாலும் போதும் என்று நினைத்தேன். முதன்முதலாக ஒன்பதாவது காட்சியை முழுதாக வாசித்தேன்.

ஒரு மேடைக் குறிப்பு இருந்தது. சாய்ந்த எழுத்தில். நான் சாய்ந்த எழுத்துகளை எப்போதும் தாண்டிவிடுவேன்.

‘நீலவேணி கதவருகில் நிற்கிறாள். காட்சி முடியும்வரை நகரவில்லை. பேசவில்லை.’

ஏழு பக்கம் மகன் வெளியிலிருந்து கத்துகிறான். அப்பா என்கிறான், பிறகு அம்மா என்கிறான். ஏழு பக்கமும் அவள் அங்கேயே நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. நாடகம் முழுதும் அந்த வாய் திறக்காததில்தான் இருந்தது. நான் அதைத் திறந்து ஒரு அழகான கேள்வியைச் சொருகியிருக்கிறேன்.

4

எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உண்மையைப் போட்டேன். மூன்று வரி. பதில்கள் வந்தன.

வாணி: “அடிப்பாவி! அத என் மேசைல ஒட்டி வெச்சிருக்கேன்டி!”

கிஷன்: “நல்லவேளை. நான் இன்னும் எட்டாவது காட்சியத் தாண்டல.”

தம்புசாமி சார் ரொம்ப நேரம் ஏதோ தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். கடைசியில், “மாணவர்களே, அந்த அட்டையைக் கழற்றிவிடவும்” என்று மட்டும் வந்தது. அந்த இரண்டு டிக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புனிதாவுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. அவள் போன் அவள் அம்மாவின் அலமாரியில் இருந்தது. அம்மாவின் எண் என்னிடம் இல்லை.

புதன்கிழமை, பரீட்சைக்கு முதல் நாள், கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயில் ஏறினேன். நான் வாசிக்கிற நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் தண்டவாளத்தைப் பனி மூடும், குதிரை காலை உடைத்துக்கொள்ளும். எனக்கு ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. உட்கார இடம்கூடக் கிடைத்தது. எப்படிச் சொல்வது என்று யோசிக்க எந்தத் தடங்கலும் எனக்கு உதவவில்லை.

5

புனிதாவின் அம்மா கிள்ளானில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறார். நான் போனபோது புனிதா தரையில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அட்டை வளையம் தையல் இயந்திரத்தின் கைப்பிடியில் தொங்கியது.

“என்னம்மா, நாளைக்கிப் பரீட்சைய வெச்சிக்கிட்டு ஊரு சுத்துற?” என்றார் ஆன்டி.

“புனிதாகிட்ட ஒன்னு சொல்லணும் ஆன்டி.”

“பக்கம் கெடச்சிச்சா?” என்றாள் புனிதா.

“இல்ல. அது இல்லவே இல்ல.”

“என்ன இல்ல?”

“அந்த வரி. நாடகத்துல இல்ல. ஒன்பதுதான் கெடச்சிச்சி, பத்தாவது நானா எழுதுனேன்.”

அவள் ஊசியை நிறுத்தவில்லை. ஒரு ஊக்கு முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் முடிந்தது.

“சும்மா சொல்ற.”

“இல்ல.”

“சார் டிக் போட்டாருலா.”

“அவரும் புக்கத் தொறந்து பாக்கல.”

“நாலு மாசமா, தாமரை. நாலு மாசமா அத எழுதி எழுதிப் பாக்குறேன். அந்த அம்மா எவ்ளோ தைரியசாலின்னு எங்க அண்ணன்கிட்டகூட சண்ட போட்டேன்.” அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ யாருடி அவங்களுக்கு வசனம் எழுத?”

[இந்த இடத்தில் நான் ஒரு நல்ல பதில் சொல்வதாக எழுதியிருந்தேன். கற்பனை, வாசகன், எழுத்தாளன் என்றெல்லாம் வரும். அடித்துவிட்டேன். நான் சொன்னது “சாரி லா”.]

புத்தகத்தை நீட்டினேன். வெகுநேரம் வாங்கவில்லை. பிறகு பிடுங்கினாள். ஒன்பதாவது காட்சியைச் சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினாள், என்னைத் திட்டுகிற அதே குரலில். மகன் பேசுவதை வாசிக்கும்போது குரல் தானாகவே இறங்கியது. இரண்டாவது பக்கத்தில் ஆன்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

காட்சி முடிந்ததும் ஆன்டி கேட்டார்: “அப்ப அந்தப் பொம்பள ஒன்னுமே சொல்லலியா?”

“இல்லம்மா.”

“சொன்னா மட்டும் தொறந்துருவானாக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் இயந்திரத்தை மிதித்தார்.

(இந்த வரி உண்மையிலேயே ஆன்டி சொன்னதா, இல்லை இதுவும் என் கைவரிசையா என்று நீங்கள் சந்தேகப்பட்டால் நியாயம்தான். ஒரு தடவை மாட்டியவள் நான். புனிதா சாட்சி. அவள் அதை வளையத்திலிருந்த பத்தாவது அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.)

6

இங்கிருந்து கதை பல பக்கம் போகலாம்.

அ. புனிதா என்னை ரயில் நிலையம்வரை கொண்டுவந்து விடாமல் கடைக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். கேள்வி வேறு பாத்திரத்தைப் பற்றி வருகிறது. எல்லாம் வீண் பதற்றம். நாங்கள் அதன் பிறகு பேசுவதில்லை. (இது நான் வாசிக்கிற நாவல்களின் முடிவு. கொஞ்சம் பனி தூவினால் போதும்.)

ஆ. கேள்வி நீலவேணியைப் பற்றியே வருகிறது. கை பழக்கத்தில் புனிதா அந்தப் பொய் வரியையே எழுதிவிடுகிறாள். மணி அடிக்கிறது.

இ. …

‘ஆ’வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கதையில்கூட அவளுக்கு அதைச் செய்ய என்னால் முடியவில்லை. நல்ல எழுத்தாளர்கள் முடிக்கத் தெரிந்தவர்கள், செங்கோடனை எழுதியவரைப் போல. (அவரும் நான்தான் என்பது மறந்துபோகிறது.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை வினாத்தாளில் நீலவேணி இருந்தாள். அவளது பாத்திரப் படைப்பை மேற்கோள்களுடன் விளக்குக. கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மண்டபத்தில் புனிதாவும் இதே வரியைப் படித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கும் தெரியும், நேற்றே தெரியும் என்று நினைத்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்று நான் என்ன எழுதினேன் என்பது சரியாக நினைவில்லை. எழுதினேன்.

7

அன்று சாயங்காலமே போன் வந்தது.

“போன் குடுத்துட்டாங்க” என்றாள் புனிதா. பின்னால் இயந்திரச் சத்தம்.

“எழுதுனியா?”

“எழுதுனேன்லா. மொத பத்து நிமிசம் ஒன்னும் ஓடல. பேசாத ஆளுக்கு எங்கேருந்து மேற்கோள் காட்டுறது? அப்புறம் அந்தக் குறிப்பையே போட்டேன். ‘நகரவில்லை. பேசவில்லை.’ அத வெச்சே ரெண்டரைப் பக்கம். மகன் கூப்புடுற ஒவ்வொரு எடத்தையும் போட்டு, அதுக்குக் கீழ அவ பேசலன்னு எழுதுனேன். அஞ்சு தடவ.”

“அஞ்சு தடவையா?”

“ஆறு. கடைசில கை வலிச்சிருச்சி.” சிரித்தாள். நான் நான்கு நாளாகக் கேட்காத சிரிப்பு. “துணிச்சல் மிக்கவள்னு எழுதல. என்ன எழுதுனேன்னு கேக்காத, மறந்துட்டேன். ஆனா கை நிக்கவே இல்ல தெரியுமா.”

படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. தேர்வு முடிவுகள் இன்னும் வரவில்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது வந்திருக்கலாம். ‘ஏ’யா, கணக்கியலா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன், எனக்குத் தெரியாது.

“தாமரை, இருக்கியா?”

“இருக்கேன்.”

“இன்னும் கோவம் இருக்கு. கொஞ்சம். ஆனா ஒன்னு கேக்கணும்.”

“கேளு.”

“மண்டபத்துல அவ பேசலன்னு ஆறு தடவ எழுதுனேன்ல, அப்பலேருந்து மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. விடிஞ்சப்புறம் அந்த அம்மா கதவத் தொறந்து வெளியில போயிருப்பாங்கல்ல, அவன் கெடக்குற எடத்துக்கு? அந்தக் காட்சி நாடகத்துல இல்ல. இனிமே பரீட்சையும் இல்ல, டிக்கும் இல்ல. அங்க அவங்க என்ன வேணும்னாலும் பேசலாம். நீ எழுதித் தர்றியா?”