சகலை போட்ட விலை

மறைப்பானேன், எனக்கு வயிற்றெரிச்சல்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், நான் வேலை பார்க்கும் போன் கம்பெனிக்கே விலை நிர்ணயிக்கும் பிரிவின் தலைவனாக வந்து சேர்ந்தான். பதினோரு வருஷமாகப் போனை வடிவமைக்கிறவன் நான். எனக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, வந்து எட்டு மாதம் ஆகாத சகலைக்கு ஜன்னல் வைத்த தனி அறை. மாமியார் போன் வாங்குவதென்றாலும் அவனிடம்தான் யோசனை கேட்கிறார். நான் என்ன செத்தா போய்விட்டேன்?

மூன்று வருஷம் உழைத்து ஒரு சின்ன போன் செய்திருந்தேன். எங்கள் கம்பெனியின் பெரிய போனில் இருப்பதெல்லாம் அதிலும் உண்டு, ஆனால் ஒரு கைக்குள் அடங்கும். அதற்காக ஊரில் உள்ளவர்கள் விரலையெல்லாம் அளந்தேன். "கையைப் பிடிக்கிறீங்களா, அளக்கிறீங்களா?" என்று மனைவியே கேட்டுவிட்டாள். அது நாலு பேர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் கம்பெனியில் வடிவமைத்தவன் கையெழுத்து இல்லாமல் விலைத்தாள் மேலே போகாது. சகலை என் போனுக்குப் பெரியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் போட்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. குடும்பத்தில் என்னை மட்டம் தட்டியது போதாதா? இரண்டுக்கும் ஒரே விலை வைக்காவிட்டால் கையெழுத்துக் கிடையாது என்று கூட்டத்தில் குதித்தேன். தனியாகப் பேசலாம் என்று கூப்பிட்டான். நான் எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

விற்பனைக்கு வந்த அன்று கடையில் போய் நின்றேன். ஒரு பெண் என் போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு விலையைப் பார்த்தாள். "அதே காசுக்குப் பெருசே கிடைக்குதே" என்று கீழே வைத்துவிட்டாள். அடுத்து வந்தவர்களும் அதையே செய்தார்கள். பெரிய போன் இதுவரை காணாத அளவுக்கு விற்றது.

முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். சின்னதைப் பக்கத்தில் வைத்ததால்தான் பெரியது லாபமாகத் தெரிகிறதாம். இனி சின்னது கடைக்கு ஒன்று போதுமாம், பார்வைக்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

வெளியே சகலை நின்றிருந்தான்.

"நான் போட்ட அந்தக் குறைஞ்ச விலைக்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்க ரெண்டு மாசமாச்சு, அண்ணே. உங்க போன் விக்கணும்னுதான்."

அவனுக்கு இருந்த அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.