நிற்கக்கூடாத பாட்டு

எங்கள் ஊரில் என்னை யாரும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அப்படி என்னடி பண்ணிட்டோம் உன்ன?" என்று கேட்க அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அடிக்கவில்லைதான். நான் வந்து உட்கார்ந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா நகரத்தில் ஏதோ ஒரு புதுச் செபக் கூட்டத்தில் சேர்ந்தார். சுரூபம் வைத்துக் கும்பிடுவது பாவம் என்று அங்கே யாரோ அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், சிலுவை சுமக்கும் இயேசுவின் மரச் சுரூபத்தை முற்றத்தில் கிடத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அம்மாவின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த சுரூபம். ஊதா வெல்வெட் அங்கி, யாரோ ஒரு பெண் நேர்ந்துகொண்டு வெட்டிக் கொடுத்த நீளமான முடி. முடிதான் முதலில் எரிந்தது. தெரு மொத்தமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

அப்புறம் அப்பா வேலைக்கென்று துபாய் போனார். அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அது பாவமில்லை போலிருக்கிறது. அம்மாவும் நானும் பழையபடி கோயிலுக்குப் போனோம். யாரும் தடுக்கவில்லை. கடைசி பெஞ்சு எங்களுக்காகவே காலியாக இருந்தது.

பள்ளியில் யாரும் என்னை லீசல் என்று கூப்பிடவில்லை. சாம்பல் என்றார்கள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் திருநீறு பூச வரிசையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "உனக்கெதுக்குடி சாமியார்கிட்ட வரிசை? உங்க வீட்டு முத்தத்துல இல்லாததா?" வரிசையே குலுங்கிச் சிரித்தது. சொன்னவள் ரிஸ்ஸா. பாடகர் குழுவின் முதல் குரல் அவளுடையது. வாயைத் திறந்தால் ஒன்று பாட்டு வரும், இல்லையென்றால் விஷம் வரும்.

மதியச் சாப்பாட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றபடி சாப்பிடுவேன். கையில் போனை வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல உதட்டை அசைப்பேன். போனில் காசு இருக்காது. யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தும் அசைப்பேன். நிஜமாகப் பேசியது இயேசுவிடம் மட்டும்தான். பக்தியெல்லாம் இல்லை, சண்டை. "உங்களையும் எல்லாரும் விட்டுட்டு ஓடிட்டாங்க, சரி. உங்களுக்கு மூணு நாள். எனக்கு மூணு வருஷம். யாருக்குக் கஷ்டம், நீங்களே சொல்லுங்க." பதில் வராது. எழுந்தும் போகமாட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. இல்லை, போதவில்லை. போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புனித வாரத்தில், இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் செய்யுள் புத்தகத்தைப் பாடும் மேசையில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து பாடுகிறவர்கள்தான் எங்கள் ஊர் இளைஞர் கூட்டம். வருடம் முழுக்க ஒன்றாகத் திரிவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒருத்தி வீட்டில் ஒருத்தி தூங்குவாள். அந்த நாற்காலியைத் தவிர அதற்குள் போக வேறு வழி கிடையாது.

பாட்டை நடத்துவது இசிங் அத்தை. அவர் கணவர் அறுவை சிகிச்சையில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் அது. கோயில் பக்கத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, புதன்கிழமை விடியலில் ஆரம்பித்து வியாழன்வரை, உலகம் உண்டானதிலிருந்து உயிர்ப்புவரை அத்தனையையும் பாடி முடிக்க வேண்டும். மேசைக்கு இரண்டு பக்கம், இரண்டு மைக். ஐந்தடிப் பத்தி ஒன்றை ஒரு பக்கம் பாடினால் அடுத்ததை எதிர்ப்பக்கம் பாட வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது. நின்றால் நேர்த்திக்கடன் போச்சு. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊர் முழுக்க அலறும். யார் பாடுகிறார்கள் என்பதை வீட்டில் படுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை காலையிலேயே போய் நின்றேன். அம்மா சந்தையில், மீன் கடையில். புனித வாரத்தில் யாரும் இறைச்சி தொடுவதில்லை, மீன் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்.

"அத்தை, நானும் பாடறேன்."

இசிங் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாடலாம், பாடலாம். கர்த்தர் யாரையும் தள்ளறதில்ல. முதல்ல அந்தத் தட்டுங்களக் கழுவிடு, கண்ணு."

தள்ளாத கர்த்தர் பந்தலுக்குள்ளே இருந்தார். நான் பின்பக்கம், குழாயடியில். பாட வருகிறவர்களுக்கெல்லாம் தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் சர்க்கரைவள்ளியும் ஜவ்வரிசியும் போட்ட கஞ்சி. தட்டும் கிண்ணமும் வந்துகொண்டே இருந்தன.

மதியத்துக்கு மேல் வெயில் கொளுத்தியது. பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டில் போய்ச் சரிந்தார்கள். இசிங் அத்தை ஐஸ் வாங்க ட்ரைசைக்கிள் வண்டி பிடித்துச் சந்தைக்குப் போனார். மேசையில் இளைஞர் கூட்டத்தின் முறை. ஒவ்வொருத்தியாக வெளியே வருவதைக் குழாயடியிலிருந்து பார்த்தேன். "ஒன்னுக்குப் போய்ட்டு வரேன்." "அம்மா கூப்பிட்டாங்க." எல்லாருடைய தோளிலும் துண்டு. பெரிய வெள்ளியன்று குளிக்கக்கூடாது என்பதால் புதன்கிழமையே ஆற்றைக் கலக்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரல் வந்தது. ரிஸ்ஸாவின் குரல். ஒரு பத்தியைப் பாடிவிட்டு அதற்குத் தானே பதில் பாடினாள். மூச்சு வாங்கியது. மேல் சுரத்தில் குரல் கீறியது.

சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை நிதானமாகக் கழுவினேன். அவள் பாடிக்கொண்டிருந்தது ஒலிவத் தோட்டம். சீடர்கள் தூங்கிப்போகிற இடம். ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா என்று இயேசு கேட்கிற இடம்.

திடீரென்று அதே ராகத்தில், அதே இழுவையில் ஊருக்கே கேட்டது:

"தட்டுக் கழுவும் பெண்ணே... தண்ணி கொண்டு வாடி... தொண்டை கிழியுதேடி..."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன். இஞ்சித் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பத்தியை முடித்தாள், குவளையைப் பிடுங்கினாள், மற்ற மைக்கை என் நெஞ்சில் குத்தினாள். அவள் குடிக்க வேண்டுமென்றால் யாராவது பாட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பாடினேன்.

என் குரல் தென்னை மரத்திலிருந்து வந்து என் காதிலேயே விழுந்தது. யாரோ பெரிய மனுஷி பாடுவதுபோல இருந்தது.

ரிஸ்ஸா தன் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சீறினாள். "மெதுவா பாடுடி. பஸ்ஸா புடிக்கப் போற?"

திருப்பிச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்னும் மூன்று அடி பாக்கி. முடித்தேன், அவள் எடுத்தாள். இப்போது நான் பொத்தினேன். "உன் கூட்டாளிங்க எங்க? உன்ன விட்டுட்டு ஆத்துக்குப் போய்ட்டாளுங்களா?"

அவளும் ஐந்தடி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காது சிவந்தது.

"நான்தான் வரலன்னு சொன்னேன்" என்றாள், நான் பாடும்போது.

"பொய். உன்ன யாரும் கூப்பிடவே இல்ல" என்றேன், அவள் பாடும்போது.

இப்படியே போனது. ஒருத்தி திட்டும்போது மற்றவள் கர்த்தரின் பாடுகளைப் பாடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுந்து போக முடியாது. பாதியில் குறுக்கிட முடியாது. இந்தப் பாட்டைக் கட்டியவன் கெட்டிக்காரன். தனியாகப் பாட முடியாதபடி கட்டியிருக்கிறான்.

என் அடுத்த பத்தியில் ரிஸ்ஸா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கூப்பிடலதான். பாட்டுக்கு மட்டும்தான் நான் வேணும் அவளுங்களுக்கு. மத்த நேரம் எனக்கு வாய் நீளமாம், கூட இருந்தா தலைவலியாம். போன மாசம் ஒருத்தி பொறந்த நாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டாளுங்க. என்ன விட்டுட்டு."

நான் அப்போது சீடன் பேதுருவின் பத்தியைப் பாடிக்கொண்டிருந்தேன். அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று அவன் சத்தியம் செய்கிற இடம். ஒருத்தியின் வேதனையைக் கேட்டு மகிழ்வதற்கு அது வசதியான இடமில்லை.

அவள் விடவில்லை. "சரி, நீ சொல்லு. அன்னைக்கு நீயும் வெறகு போட்டியா? எங்கம்மா சொன்னா, தீக்குச்சிய எடுத்துக் குடுத்ததே நீதானாம்."

என் பத்தியின் கடைசி இரண்டு அடியை எப்படிப் பாடினேன் என்று தெரியவில்லை. அவள் ஆரம்பித்ததும் மைக்கை நெரித்துப் பிடித்தேன்.

"நான் எங்கப்பா கையப் புடிச்சுத் தொங்கினேன். உதறி விட்டாரு. முழங்கைல தழும்பு இருக்கு, பாத்துக்கோ. தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு. ஒரு ஆளு வேலியத் தாண்டி வரல. உங்கம்மா வெயிலுக்குக் குடை புடிச்சுக்கிட்டு நின்னா. இசிங் அத்தை சிலுவ போட்டுட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க. எல்லாரும் சேர்ந்து எரியவிட்டுட்டு, பேரு மட்டும் எனக்கா?"

அவள் பத்தி முடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. அதனால் அழ நேரம் கிடைக்கவில்லை. உடனே பாட வேண்டும். பாடினேன்.

ரிஸ்ஸா என் முழங்கையைப் பார்த்தாள். அவள் முறை வந்தபோது ஒரு சுரம் பிசகியது. அவளுக்குப் பிசகி நான் கேட்டதே இல்லை. திரும்ப என் முறையில் சொன்னாள்: "எனக்குத் தெரியாது. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். எனக்கு வராது அதெல்லாம்."

"கேக்காத. ஒழுங்கா சுதியில பாடு" என்றேன், அவள் பாடும்போது.

இசிங் அத்தை சந்தையிலிருந்து திரும்பும்போது பாலத்திலேயே என் குரலைக் கேட்டுவிட்டாராம். ஐஸ் பையோடு பந்தலுக்குள் நுழைந்தார். பந்தல் வாசலில் இரண்டு மூன்று பெண்கள் கூடிவிட்டார்கள். ரிஸ்ஸா பாடிக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவளுக்கு மைக் குடுத்தது? ஊரே கேக்குது! என் வீட்டு நேர்த்திக்கடன்டி இது! சுரூபத்த எரிச்ச வீட்டுக் கழுதையா இதப் பாடறது? எந்திரி!"

என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. தைரியமில்லை அது. நாற்காலியை விட மனசில்லை.

"ரிஸ்ஸா, ரெண்டு பக்கமும் நீயே பாடும்மா. இப்பப் பாடிக்கிட்டுதான இருந்த?"

ரிஸ்ஸா தன் பத்தியின் கடைசி அடியை அழகாக இழுத்து முடித்தாள். அடுத்தது என் பக்கம். வாயை மூடிக்கொண்டு பந்தல் கூரையைப் பார்த்தாள்.

ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

"பாடுடி!"

ரிஸ்ஸா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரலால் என்னைக் காட்டினாள்.

வாசலில் ஒருத்தி "ஐயோ, நிக்கப் போகுது" என்றாள். இசிங் அத்தையின் முகம் வெளுத்துப்போனது. மைக்கை என்னிடம் நீட்டினால் பாட்டு நிற்காது. நீட்டவில்லை. அந்த ஒரு நொடியில் என்னையும் கணவனின் உயிரையும் எடை போட்டுப் பார்த்த அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைசியில் புத்தகத்தின்மேல் குனிந்து, ஐஸ் பை கையில் சொட்டச் சொட்ட, தானே பாட ஆரம்பித்தார்.

ஐந்தடி முடிந்தது. ரிஸ்ஸாவின் முறை. அவள் மேசை முனையைச் சுற்றி என் நாற்காலியைத் தன் பக்கத்துக்கு இழுத்து, என் கழுத்தில் கையைப் போட்டு, மைக்கை எங்கள் இரண்டு வாய்க்கும் நடுவில் வைத்தாள். சேர்ந்து பாடினோம். முடிந்ததும் இசிங் அத்தை பதில் பாட வேண்டியிருந்தது. வேறு யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் பத்தியில் அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "இது முடியட்டும், உங்க ரெண்டு பேரையும்..." என்பார். அதற்குள் அவர் முறை வந்துவிடும். தனக்குச் சம்பந்தமில்லை என்று பிலாத்து கை கழுவுகிற பத்தி அவருக்கு விழுந்தது. என்னை முறைத்துக்கொண்டே பாடினார். நானும் முறைத்தேன். ரிஸ்ஸா என் தொடையில் விரலால் தாளம் போட்டாள். ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டபோது நறுக்கென்று கிள்ளினாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆற்றுக்குப் போனவர்கள் வந்தார்கள். ஈர முடி, தோளில் துண்டு. முதலில் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், பிறகு என்னை, பிறகு எதிரே ஐஸ் தண்ணீரில் நனைந்த பாவாடையோடு பாடிக்கொண்டிருந்த இசிங் அத்தையை. அவர்களில் ஒருத்தி என் நாற்காலி முதுகைத் தட்டினாள்.

"எந்திரி. இது எங்க எடம்."

ரிஸ்ஸா மைக்கைப் பொத்தினாள். "போய்ப் பின்னாடி நில்லுங்கடி. இவளுக்கு அப்புறம்தான்."

"நீ இவகூடவா?"

"ஆமா. உனக்கென்ன?"

அதற்குமேல் பேச நேரமில்லை. இசிங் அத்தை கடைசி அடிக்கு வந்துவிட்டார். ரிஸ்ஸா என் கழுத்தை இழுத்தாள். நாங்கள் மூச்சை இழுத்துக்கொண்டோம்.